வெயில் ஷீல்டு

மைக்ல சொல்லிட்டாளுங்க்கா அந்தப் பொண்ணு. மைக்ல!

ஹாலு பூரா ஆளு. முன்வரிசையில ட்ரஸ்ட்டுக்காரங்க, சைடுல பேரண்ட்ஸு, மேடையில கோயமுத்தூர்ல இருந்து வந்த டாக்டரம்மா. "மனசு சரியில்லன்னா யார்கிட்ட சொல்லுவ கண்ணு?"ன்னு அவங்க கேக்கறாங்க. பதில் என்ன? "எங்க மிஸ்கிட்ட சொல்லுவேன்." மூணே வார்த்தை. ஒரு வாரமா மொத்த கிளாஸுக்கும் சொல்லிக் குடுத்தது. எல்கேஜி புள்ளகூடத் தூக்கத்துல சொல்லும். இவ என்னடான்னா மைக்க ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, ஐஸ்க்ரீம் மாதிரி, "மிஸ்கிட்ட சொல்லமாட்டேன். சொன்னா ஷீல்டு போயிரும்"ங்கறா.

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க.

இருங்க, பைய இப்படி வச்சுக்கறேன், உங்க கால்ல இடிக்குது. நீங்களும் கோயமுத்தூர்தானே? நான் ட்ரெய்னிங் போறேன். ரெண்டு நாள். குழந்தைங்க மனசப் புரிஞ்சுக்கறது எப்படின்னு சொல்லித் தருவாங்களாம். எனக்கு! திருப்பூர்ல இருக்கற அத்தன ப்ரைமரி ஸ்கூல்லயும் இந்த மனசு சமாச்சாரத்த மொதல்ல கையில எடுத்ததே நான்தான். என்னைய அனுப்பறாங்க ட்ரெய்னிங்குக்கு. ஸ்கூல் பேரு வேண்டாம், நமக்கெதுக்கு வம்பு. என் பேரு கோகிலவாணி. மூணாங்கிளாஸ் ஏ செக்ஷன். வாணி மிஸ்ஸுன்னா வேன் டிரைவருக்குக்கூடத் தெரியும்.

ஒரு நிமிசம்க்கா, இந்த மெசேஜ மட்டும் தட்டிர்றேன். பேரண்ட்ஸ் குரூப்பு. ம்ம்... போயிருச்சு.

ஷீல்டு என்னன்னு கேட்டீங்கள்ல? மொதல்ல போர்டு பத்திச் சொல்றேன், அப்பத்தான் புரியும். ஒரு வீடியோ பாத்தேன்க்கா, ஏதோ வெளிநாட்டு ஸ்கூலு. செவுத்துல ஒரு போர்டு, மூணு கட்டம். வெயிலு, மேகம், மழை. ஒவ்வொரு புள்ளைக்கும் துணி காயப்போடற கிளிப்பு ஒண்ணு, பேரு எழுதி. காத்தால வந்ததும் மனசு எப்படி இருக்குதோ அந்தக் கட்டத்துல மாட்டணும். சந்தோசமா இருந்தா வெயிலு, சுமாரா இருந்தா மேகம், அழுவாச்சியா இருந்தா மழை. மழையில இருக்கற புள்ளயக் கூப்ட்டு டீச்சர் என்ன ஏதுன்னு கேப்பாங்களாம். அவ்ளோதான். அதோட வீடியோ முடிஞ்சிருச்சு! பரிசு இல்ல, பாயிண்ட்டு இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு புள்ள எதுக்காக வெயிலுக்கு வரும்? அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு இவ்ளோ படிச்சும் இது தோணல பாருங்க.

எனக்குத் தோணுச்சு. பெரிய மிஸ்கிட்டப் போனேன், எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். "மிஸ், மாசாமாசம் எந்த கிளாஸ்ல வெயில் அதிகமோ அந்த கிளாஸுக்கு ஒரு ஷீல்டு"ன்னேன். அவங்க முகத்தப் பாக்கணுமே! ட்ரஸ்ட்டுக்காரங்க மறுநாளே ஆர்டர் குடுத்துட்டாங்க. தங்கக் கலர்ல பெரிய சூரியன், அடியில 'மகிழ்ச்சி வகுப்பு'ன்னு பொறிச்சு. ஜூன்ல ஆரம்பிச்சது, ஒரு மாசம்கூட அது எங்க கிளாஸ விட்டுப் போகல. மத்த கிளாஸெல்லாம் வெயிலும் மழையுமாக் கெடக்கும். எங்க போர்டு பாத்தீங்கன்னா பூரா வெயிலு. சித்திரை மாசமாட்டம்.

பி செக்ஷன் ஒண்ணு இருக்குது. ஜாஸ்மின் மிஸ்ஸு. அய்யோ அத ஏன் கேக்கறீங்க, ஐப்பசி மாசமே அங்கதான் குடியிருக்கும். ஒருத்தன் நாய் செத்துப்போச்சுன்னு அழுதான்னு மொத்த கிளாஸயும் உக்கார வச்சு அந்த நாயப் பத்திப் பேசிட்டிருக்குது அந்தம்மா. கணக்குப் பாடம் போச்சு. ஒரு பொடுசு அது மடியில, இன்னொண்ணு முந்தானையில மூக்கத் தொடைக்குது. கிளாஸாங்க்கா அது? எழவு வீடு. "ஏன் மிஸ், உங்களுக்கு ஷீல்டு வேண்டாமா?"ன்னு கேட்டேன், நல்லதுக்குத்தான். "எனக்கெதுக்கு மிஸ், வைக்க எடமில்ல"ன்னு சிரிக்குது. தோத்தவங்க பேசற பேச்சு.

எங்க கிளாஸ்ல ஒரே ஒரு தொல்லை. கனிஷ்கா. அவதான் அந்த மைக்கு.

சைஸு இத்தனூண்டு. பேச மாட்டா. ஜூன் மாசம் தெனமும் மழையில மாட்டுவா. கூப்ட்டுக் கேட்டேங்க்கா, கேக்காம இல்ல. "என்னடி ஆச்சு? ஏன் மழை?"ன்னு. அவ ஆரம்பிப்பா, "மிஸ், எங்கக்கா..." அதுக்குள்ள அசெம்பிளி பெல்லடிச்சிரும். நான் என்ன பண்றது? "அதெல்லாம் சரியாயிரும், எங்க சிரி பாக்கலாம்"னு சொல்லி நானே கிளிப்ப எடுத்து வெயில்ல மாட்டிருவேன். அன்பாத்தான். ஒரு நாள் எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னேன், "ஒருத்தர் மழையில இருந்தா மொத்த கிளாஸுக்கும் ஷீல்டு போயிரும், அது நல்லாவா இருக்கும்?"னு. அதுக்கப்புறம் புள்ளைங்களே பாத்துக்கிட்டாங்க. காத்தால நாலஞ்சு பேரு அவளச் சுத்தி நின்னுக்குவாங்க. "கனி, வெயில்ல மாட்டு கனி, முறுக்கு தர்றேன்", "கனி, என் ஸ்கெட்ச்ச நீ வச்சுக்க". டீம் ஒர்க்குங்க்கா! அவளும் வாங்கிக்கிட்டு மாட்டுவா. மூணாங்கிளாஸ்லயே லஞ்சம் வாங்கற புள்ள.

தெனமும் போட்டோ எடுத்து குரூப்புல போடுவேன். "இன்று உங்கள் குழந்தை வெயில்!" அப்படின்னு. பேரண்ட்ஸெல்லாம் ஹார்ட்டு விடுவாங்க. கனிஷ்கா அம்மாவும்தான் விட்டுச்சு. இத நீங்க ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

சாயங்காலம் ஆனா ஒரு கூத்து. வேனு நிக்கும், எல்லாப் புள்ளயும் ஓடும். இவ மட்டும் என் டேபிள்கிட்ட வந்து நின்னுக்குவா. "மிஸ், நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டா? சத்தமே போடமாட்டேன்." தெனமும்! எம்மேல அவ்ளோ பாசம். எனக்கே ஒரு மாதிரி ஆயிரும். ஆனா வேனுக்காரரு ஹாரன் அடிப்பாரு, எனக்கும் லேடீஸ் ஹாஸ்டல் போகணும், துணி தொவைக்கணும். கையப் புடிச்சுக் கூட்டிப்போயி ஏத்தி விட்டுருவேன். ஏறும்போது படியில நின்னு திரும்பிப் பாப்பா. அந்தப் பார்வைய போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன், 'டீச்சர் மேல் பாசம்'னு ஸ்டேட்டஸ் போட்டேன்.

அம்மா கூப்புடுது, இருங்க. "ம்ம்... பஸ்ஸுலம்மா. நல்லாருக்கேன். சூப்பரா இருக்கேன்மா. சாப்ட்டேன். அப்பாகிட்ட நான் ஜாலியா இருக்கேன்னு சொல்லிரு. சரி வைக்கறேன்."

சாப்புடல. அத எதுக்கு அதுகிட்டச் சொல்லிட்டு. நான் அப்படித்தான்க்கா, சின்னதுல இருந்தே. எங்கப்பா பெல்ட்டக் கழட்டினாக்கூட நான் சிரிப்பேன். சிரிக்கற புள்ளய யாரும் ரொம்ப நேரம் அடிக்க மாட்டாங்க, தெரியுமா? அதத்தான் இந்தப் புள்ளைங்களுக்கும் சொல்லித் தர்றேன். வேற யாரு சொல்லித் தருவாங்க இந்தக் காலத்துல?

எங்க விட்டேன்? ஆங், அவ வரைஞ்ச படத்தப் பத்திச் சொல்லணும். மகிழ்ச்சி வாரம்னு ஒண்ணு வச்சோம். ஏழு நாளு, ஒரே கொண்டாட்டம், கடைசி நாளுதான் அந்த டாக்டரம்மா. எல்லாரும் 'எங்கள் இனிய இல்லம்' வரையணும், ஹாலு செவுத்துல ஒட்டறதுக்கு. எல்லாப் புள்ளையும் வீடு, தென்னமரம், அப்பா, அம்மா, பைக்கு. இவ என்ன வரைஞ்சா தெரியுமா? கதவு. வெறும் கதவு. அதுல ஒரு பூட்டு. ஆளே இல்ல, கலர்கூட அடிக்கல. "ஆளுங்க எங்கடி?"ன்னா, "நான் உள்ள இருக்கேன் மிஸ்"ங்கறா. சோம்பேறித்தனத்துக்கு என்ன பேச்சு பாருங்க! அத அப்படியே ஒட்டினா நம்ம கிளாஸ் மானம் போயிரும்னு, நானே ஒரு பெரிய சூரியன் ஸ்டிக்கர வாங்கி அந்தப் பூட்டு மேல ஒட்டினேன். பளிச்சுனு ஆயிருச்சு.

அவினாசி வந்துருச்சா? எறங்கற ஆளுக்கு வழி விடுங்க்கா. ஏனுங்கண்ணா, மேல இடிக்காமப் போங்க!

விழா அன்னிக்கு அவளக் கடைசி வரிசையில, நெட்டப் பையன் ஒருத்தன் பின்னாடி ஒளிச்சுத்தான் நிறுத்தினேன். நீங்க எங்க வேலை பாக்கறீங்க? பனியன் கம்பெனியா? செக்கிங்கா! அப்ப உங்களுக்குப் புரியும். டேமேஜ் பீஸ எடுத்துத் தனியா வப்பீங்கள்ல, பையர் வர்ற நேரத்துல மேலயா வப்பீங்க? அது மாதிரித்தான்.

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

முன்னாடி பத்துப் புள்ள நிக்குது, ரெடியா, பல்லத் தேச்சு. அந்த டாக்டரம்மா அதுகள எல்லாம் தாண்டி, "அந்தக் கடைசிப் பாப்பா வரட்டும்"ங்குது. ஒருத்தர் பிளான் பண்ணி வச்சதக் கலைக்கறதுக்குன்னே சில பேரு படிச்சுட்டு வர்றாங்க. அப்பறம்தான் அந்த மைக்கு. "மிஸ்கிட்ட சொல்லமாட்டேன். சொன்னா ஷீல்டு போயிரும்."

ஜனங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சமாளிக்கணுமே. டாக்டரம்மாவும் மொதல்ல சிரிச்சுது. "அப்ப வேற யார்கிட்ட சொல்லுவ?"

"யார்கிட்டயும் இல்ல. கிளிப்ப வெயில்ல மாட்டிட்டு உக்காந்துக்குவேன்."

சிரிப்பு நின்னுருச்சு. அந்தம்மா பட்டுச்சேலையோட மேடையில மண்டி போட்டு உக்காந்து, மைக்க ஆஃப் பண்ணிட்டு, அவகிட்ட என்னமோ கேக்குது. அவ சொல்றா. காதுகிட்ட. ஆறு மாசமா எங்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேசாத புள்ள, முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பளகிட்டப் பேசறா, பேசறா, பேசிட்டே இருக்கறா. எனக்குத்தான் ரொம்பக் கேவலம். மைக்க ஆன்லயாவது வச்சிருக்கலாம். என்னமோ நான் புள்ளயக் கொடுமைப்படுத்தின மாதிரி எல்லாரும் என்னையவே பாக்கறாங்க.

விசயம் என்னன்னா, அப்பறம் பெரிய மிஸ் சொல்லித்தான் தெரியும், ஒண்ணுமில்லீங்க்கா, சப்ப மேட்டரு. அவளுக்குத் துணைக்கு வீட்டுல ஒரு அக்கா இருந்துச்சு, எட்டாவது. ஜூன் மாசம் அத ஊருப் பக்கம் ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க. அப்பன் எங்கயோ போயி வருசமாச்சு. அம்மா ஓவர்லாக் டெய்லரு, எக்ஸ்போர்ட் கம்பெனி, ஓ.டி. முடிச்சு ராத்திரி எட்டரை ஒம்பதுக்குத்தான் வரும். வேன் வந்து லைன் வீட்டுல எறக்கி விட்டா, பக்கத்து வீட்டம்மா இவள உள்ள விட்டு வெளிய பூட்டிரும். சேஃப்டிக்குத்தான்! பொம்பளப் புள்ள, தனியா இருக்கு, தொறந்தா போட முடியும்? கரண்ட் போனா இவ கதவுகிட்ட உக்காந்து அடியில இருக்கற சந்துல வெளிய பாத்துக்கிட்டிருப்பாளாம். பாத்ரூம் வெளியில. அதனால மத்தியானமே தண்ணி குடிக்கறத நிறுத்திருவாளாம். தண்ணி பாட்டில் நெறச்சாப்புல வீட்டுக்குப் போகும், நான்கூடப் பாத்திருக்கேன், "எவ்ளோ பொறுப்பு பாரு, தண்ணிய வேஸ்ட் பண்ணாம வச்சிருக்கா"ன்னு கிளாஸ்ல கை தட்டச் சொல்லியிருக்கேன்.

இதுதான் விசயம். இதப் போயி மேடையில!

கிளாஸ்ல எல்லாப் புள்ளைக்கும் தெரியுமாம்க்கா. பூட்டு, கரண்ட்டு, எல்லாம். முறுக்கு குடுக்கும்போதே சொல்லியிருக்கறா. ஒரு பயலும் எங்கிட்டச் சொல்லல. "ஏன்டா சொல்லல?"ன்னு கேட்டேன். "ஷீல்டு மிஸ்"ங்கறாங்க. அவங்களுக்கு அவ்ளோ பொறுப்பு வர்ற மாதிரி வளத்திருக்கேன், அத யாராவது பாராட்டினாங்களா?

மறுநாளு அவ அம்மாவக் கூப்புட்டாங்க. தலையெல்லாம் பஞ்சு, முழுக்க வெள்ளயா, அப்படியே கம்பெனியில இருந்து. கொஞ்சம் தட்டிட்டு வரக்கூடாதா? பெரிய மிஸ் ரூம்ல நின்னுக்கிட்டு, ஃபோன எடுத்து என் மெசேஜெல்லாம் காட்டுது. "பாப்பா பயமா இருக்குன்னு சொல்லுவாளுங்க மிஸ். நான்தான் இதக் காட்டி, பாரு, உங்க மிஸ் நீ சந்தோசமா இருக்கறன்னு போட்டிருக்காங்க, அப்பறம் என்ன பயம்னு அதட்டுவேன். அப்பறம் அவ சொல்றதையே விட்டுட்டா. சரியாயிருச்சுன்னு நெனச்சுட்டேனுங்க." அழுவுது. பெரிய மிஸ் என்னையப் பாக்கறாங்க. பாருங்க, எப்படித் திருப்பி விடறாங்கன்னு! புள்ளயப் பெத்தது இவங்க, பூட்டினது பக்கத்து வீட்டுக்காரி, போட்டோ போட்டவ மாட்டிக்கிட்டா.

நீங்களும் ஓ.டி. பாப்பீங்களா? உங்க புள்ள யாரு கூட இருக்கும்? ...சரி சரி, சொல்ல வேண்டாம். உங்கள ஒண்ணும் சொல்லலீங்க்கா.

அப்பறம் என்ன, தீர்ப்பு எழுதிட்டாங்க. ஷீல்டு கேன்சலு. பெரிய மிஸ் ரூம் பீரோ மேல கெடக்குது, சூரியன் மூஞ்சி மேல சாக்பீஸ் டப்பா. ஓ.டி. போற பேரண்ட்ஸ் புள்ளைங்க எல்லாம் இனிமே அம்மா வர்ற வரைக்கும் ஸ்கூல்லயே இருக்கலாமாம். இவ ஒருத்திதான்னு நெனச்சேன், கேட்டா ஒவ்வொரு கிளாஸ்ல இருந்தும் கை தூக்குதுங்க. எங்க கிளாஸ்லயே ஆறு! அத்தனையும் வெயில்ல இருந்த புள்ளைங்க! யாரு பாத்துக்கறது? ஜாஸ்மின் மிஸ்ஸு. கேக்கணுமா? அந்த எழவு வீட்டு மடியில இப்ப கனிஷ்காவும் ஒண்ணு. தண்ணி குடிக்கறாளாம். ஓடறாளாம். நேத்து சாயங்காலம் நான் பைய எடுத்துக்கிட்டு வர்றேன், கிரவுண்டுல கத்திக்கிட்டு ஓடறா, "அவுட்டு, அவுட்டு"ன்னு. அவளுக்கு அவ்ளோ பெரிய தொண்டை இருக்கறது எனக்கே தெரியாது. என்னையப் பாத்துட்டு டாட்டா காட்டறா. நான் காட்டல. ஃபோன் பாத்துக்கிட்டே வந்துட்டேன்.

எங்கிட்ட நின்னு தெனமும் இருக்கட்டா இருக்கட்டான்னு கேட்டாளே, அது எம்மேல இருந்த பாசம் இல்லியாம்க்கா. வீட்டுக்குப் போகப் பயமாம். இதையும் பெரிய மிஸ்தான் சொன்னாங்க, எல்லா டீச்சருங்க முன்னாடியும்.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. இனிமேத்தான் இருக்குது அவ திமிரு. கேளுங்க.

அந்த போர்டுல எனக்கும் ஒரு கிளிப்பு உண்டு. செகப்புக் கலரு, 'மிஸ்'ஸுன்னு எழுதி ஒரு பூ ஒட்டினது. ஆரம்பிச்ச அன்னிக்கு வெயில்ல மாட்டினேன், அதுக்கப்பறம் தொட்டதில்ல. தொட வேண்டியதே வரல. விழா முடிஞ்ச சாயங்காலம், சும்மா, கண்ணுல தூசி மாதிரி, ஸ்டோர் ரூம்ல கொஞ்ச நேரம் நின்னேன். யாரும் பாக்கல. அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்லயும் தூக்கமில்ல. கனிஷ்கா அம்மா வந்து போன அடுத்த நாளு, மூஞ்சியெல்லாம் நல்லாக் கழுவி, பவுடரு போட்டு, சிரிச்சுக்கிட்டேதான் கிளாஸுக்குப் போனேன். "குட் மார்னிங் சில்ட்ரன்"னு வழக்கத்த விட சத்தமாச் சொன்னேன். எல்லாரும் போர்டப் பாக்கறாங்க.

என் கிளிப்பு மழையில இருக்குது.

"யாருடி இது? யாருடா பண்ணது?" கத்திட்டேன். கனிஷ்கா எந்திரிக்கறா. பயந்துக்கிட்டெல்லாம் இல்ல, சாதாரணமா. "நான்தான் மிஸ்."

"ஏன்டி? உன்னைய யாரு தொடச் சொன்னா?"

"உங்க கண்ணு வீங்கியிருக்கு மிஸ்"ங்கறா. "நேத்தும் வீங்கியிருந்துச்சு."

எவ்ளோ கொழுப்பு பாருங்க! டீச்சர் கிளிப்ப, கேக்காம கொள்ளாம! ஒருத்தராவது சிரிச்சா ரெண்டு போட்டுருக்கலாம், ஒரு பயலும் சிரிக்கல. டேபிள்ல பாத்தா, சாக்பீஸ் பக்கத்துல ஒரு முறுக்கு. பேப்பர்ல சுத்தி. எனக்கே லஞ்சம். யாரு வச்சதுன்னு கேட்டேன், எல்லாரும் நோட்டப் பிரிச்சுக்கிட்டாங்க. நான் அதத் தொடவே இல்ல. அப்பறம், இன்டர்வெல்ல, பாதிதான் தின்னேன்.

கிளிப்ப இன்னும் மாத்தலீங்க்கா. நேரம் இல்ல, அதான். ட்ரெய்னிங் போயிட்டு வந்து மொத வேலையா மாத்திருவேன். இந்த ரெண்டு நாளும் அது மழையிலதான் கெடக்கும், கெடக்கட்டும், எனக்கென்ன. எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். எங்கம்மாவே இப்ப கேட்டுச்சு, சூப்பரா இருக்கேன்னுதான் சொன்னேன், நீங்களே கேட்டீங்கள்ல?

ஏனுங்க்கா, நீங்களே சொல்லுங்க. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு நீங்க சொல்லிட்டிருக்கறப்பவே, உங்க மூஞ்சியப் பாத்துட்டு, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம, எவளோ ஒரு பொடுசு வந்து உங்க கிளிப்பக் கழட்டி மழையில மாட்டியிருக்காளா? உங்களுக்கு யாராவது அப்படிப் பண்ணியிருக்காங்களா?